காற்றைப் பிடித்து வைக்காத பிரைமஸ்

தொட்டியின் பித்தளையில் ஒரு குறையும் இல்லை. ஒடுக்கு இல்லை, விரிசல் இல்லை, அடித்தகட்டின் பற்றவைப்பு எங்கும் விட்டுப்போகவில்லை. இருந்தும் அந்தப் பிரைமஸ் மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ் பல ஆண்டுகளாக எரியாமல் பரணில் கிடந்தது. அதற்குள் இருந்த சிறு தோல் துண்டும், ரப்பர் வளையமும், தக்கைப் பொட்டும், ஈய வாஷரும் காலாவதியானதுதான் காரணம். சில கிராம் எடைகூட வராத பொருள்கள். பழைய இரும்புக்காரரிடம் போகும் பித்தளை ஸ்டவ்களில் பெரும்பாலானவை இந்தச் சில கிராமுக்காகவே போகின்றன என்பது என் நெடுநாள் வருத்தம். அதனால்தான் இந்த ஒன்றில் என்ன நடந்தது என்பதை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

ஸ்டவ்வின் சொந்தக்காரர் பொள்ளாச்சிப் பக்கத்தில் பள்ளி ஆசிரியர். அவருடைய தந்தை வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சர்வேயராக வேலை பார்த்தவர். அளவெடுக்கப் போகும் இடத்தில் தேநீர் போடவும் கஞ்சி வைக்கவும் இதைச் சுமந்து சென்றிருக்கிறார். வீட்டு ஸ்டவ்வின் அதே அமைப்புதான், அளவில் சிறியது. ஏறக்குறைய அரை லிட்டர் கொள்ளும் தொட்டி; கழற்றி எடுக்கும்படியான மூன்று கால்கள்; பர்னரையும் திருகிக் கழற்றி, அந்த வாயை ஒரு மூடியால் அடைத்து, எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம். தொட்டியில் பிரைமஸ் முத்திரையும் ஸ்வீடன் என்ற பெயரும் தெளிவாக இருந்தன.

ஸ்டாக்ஹோமில் பட்டறைத் தொழிலாளியாக இருந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892இல் உருவாக்கிய ஸ்டவ் இது. அதற்கு முன்பிருந்த திரி அடுப்புகள் புகைந்து, பாத்திரத்தின் அடியைக் கரியாக்கின. லிண்ட்க்விஸ்ட் திரியையே எடுத்துவிட்டார். தொட்டிக்குள் காற்றை அடைத்து, அந்த அழுத்தத்தால் எண்ணெயைச் சூடான பர்னருக்குள் ஏற்றி, அங்கே ஆவியாக்கி, ஆவியை எரித்தார். கரி பிடிக்காத நீலச் சுடர் அப்படித்தான் வந்தது. 1911இல் தென் துருவத்தை அடைந்த அமுண்ட்செனின் குழு பனியை உருக்கியதும், 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழு தண்ணீர் காய்ச்சியதும் பிரைமஸ் ஸ்டவ்களில்தான். நம் ஊர்களில் விறகடுப்புக்கும் எரிவாயுவுக்கும் இடைப்பட்ட காலத்தில் வீட்டுக்கு வீடு இரைந்துகொண்டிருந்த பம்பு ஸ்டவ்களும் இதே மரபில் வந்தவைதான்.

காற்றை அடைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பம்பைக் கீழே அழுத்தும்போது கம்பியின் நுனியில் இருக்கும் தோல் கிண்ணம் விரிந்து, குழாயின் சுவரோடு ஒட்டிக் காற்றைத் தள்ளுகிறது. குழாயின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வு அந்தக் காற்றை உள்ளே விட்டுவிட்டு, உடனே மூடிக்கொள்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியில் இருக்கும் ரப்பர் வாஷர் மேல்பக்கத்தைக் காக்கிறது. பர்னரும் தொட்டியும் சேரும் இடத்தை ஈய வாஷர் காக்கிறது. காற்றைத் திறந்துவிடும் சின்னத் திருகில் மட்டும் வாஷர் கிடையாது. அதன் கூம்பு நுனி பித்தளைக் குழிக்குள் நேரடியாக அமர்ந்து அடைக்கிறது. இவற்றுள் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாலும் போதும், மற்றவை சரியாக இருந்தும் சுடர் நிற்காது.

ஆசிரியர் ஸ்டவ்வை என் மேசையில் வைத்தபோது அவருடைய அம்மாவும் உடன் வந்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இது வெடித்துவிடாதே?"

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு கனத்த பின்னணி உண்டு. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தியைப் பல ஆண்டுகள் படித்து வளர்ந்தவர்கள் நாம். அவற்றில் எத்தனையோ மரணங்களில் ஸ்டவ் வெறும் சாக்கு என்பதை நாடே உணர்ந்துதான் 1986இல் வரதட்சணை மரணம் தனிக் குற்றமாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அந்தப் பழியை ஸ்டவ்வின் மேல் போட்டது பெரும் அநியாயம். ஆனால் உண்மையான விபத்துகளும் நடந்தன. அவை எப்படி நடந்தன என்பது தெரிந்தால்தான் வாஷர் மாற்றும் வேலையின் பொறுப்பு புரியும். இந்த வகை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பாதுகாப்பு வால்வு கிடையாது. அழுத்தம் பம்பினால்தான் ஏறுகிறது. அதிகமானால் திருகைத் திறந்து குறைக்கிறோம். பெட்ரோல் கலந்த எண்ணெயை ஊற்றினால் கதை மாறிவிடும். தொட்டி சூடேறச் சூடேற அழுத்தம் தானே ஏறிக்கொண்டு போகும். எரிகிற ஸ்டவ்வின் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றுவது இன்னொரு ஆபத்து. மூன்றாவது ஆபத்து நம் கையில் இருப்பது: மூடியின் வாஷர் தளர்ந்து, அழுத்தத்தோடு எண்ணெய் ஆவி பீறிட்டு, பக்கத்தில் எரியும் சுடரைத் தொடுவது. அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "நல்ல எண்ணெய், நல்ல வாஷர் என்றால் வெடிக்காதும்மா. இரண்டையும் பார்த்துத்தான் கொடுப்பேன்" என்றேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்டவ்வையே பேசவிட வேண்டும். பலர் வாஷர் பொட்டலத்தை வாங்கி எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டு, அப்புறமும் கசிந்தால் திகைத்து நிற்கிறார்கள். எங்கே கசிகிறது என்று முதலில் தெரிந்துகொண்டவருக்கு அந்தத் திகைப்பு இல்லை. பர்னரைக் கழற்றி வாயை அடைத்து, எண்ணெய் இல்லாத வெறும் தொட்டியில் பம்பு அடித்தேன். கம்பி தடையே இல்லாமல் போய்வந்தது. தோல் காய்ந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. தோலில் சில சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்து மீண்டும் அடித்தபோது கொஞ்சம் பிடித்தது. கையை எடுத்ததும் கம்பி தானாகவே மெல்ல மெல்ல மேலே எழுந்தது. தொட்டிக்குள் போன காற்று பம்புக் குழாய்க்கே திரும்பி வருகிறது, அதாவது ஒருவழி வால்வு மூடவில்லை. எண்ணெய் நிறைந்த ஸ்டவ்வாக இருந்திருந்தால் மண்ணெண்ணெயே பம்புக் கம்பியைச் சுற்றிக் கசிந்து மேலே வந்திருக்கும்.

அடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியை முழுக்க அமிழ்த்தினேன். மூடியின் ஓரத்தில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் குமிழ்கள் கோத்ததுபோல் வரிசையாக ஏறின. காற்றுத் திருகிலிருந்து விட்டுவிட்டு ஒரு சின்னக் குமிழ். பர்னர் வாயின் அடைப்பு மூடியிலிருந்தும் கசிவு இருந்தது. பர்னருக்கும் அந்த மூடிக்கும் அதே ஈய வாஷர்தான் என்பதால் இரண்டு இடத்துக் கசிவுக்கும் ஒரே காரணம். தொட்டியின் பற்றவைப்புகளிலிருந்து ஒரு குமிழும் வரவில்லை. அங்கே வந்திருந்தால் வேலை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

எண்ணெய் ஊற்றும் மூடியைப் பார்த்தபோது மனம் கனத்தது. அதன் விளிம்பில் விரலால் பிடித்துத் திருகுவதற்காகப் போடப்பட்ட வரிகளெல்லாம் குறடு கடித்து மழுங்கியிருந்தன. கசிவை நிறுத்த யாரோ ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது மூலத்தில் வந்த வாஷர் இல்லை. சைக்கிள் டியூபிலிருந்து கத்தரித்த வளையம். நகத்தால் தொட்டதும் நகத்தோடு ஒட்டிக்கொண்டு கருப்புப் பிசினாக இழுபட்டது. டியூப் ரப்பர் காற்றுக்கு நல்லது. மண்ணெண்ணெய் பட்டால் ஊறி, உப்பி, கடைசியில் கூழாகிவிடும். கூழை எவ்வளவு இறுக்கினாலும் அது பிதுங்கி வெளியே வருமே தவிர அடைக்காது. விரலால் இறுக்கினாலே மூடி நிற்க வேண்டும். குறடு தேவைப்படுகிறது என்றால் வாஷர் தவறு என்று பொருள்.

எந்த ரப்பர் என்ற கேள்விக்குக் கடைக்காரரின் வார்த்தையை மட்டும் நம்பாமல், ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் மண்ணெண்ணெய் ஊற்றி நான்கு துண்டுகளைப் போட்டு ஒரு வாரம் வைத்தேன்: சைக்கிள் டியூப், குக்கர் வளையத்துக்குப் பயன்படும் சிலிக்கான் ரப்பர், நைட்ரைல் ரப்பர், வைட்டான். டியூப் துண்டு ஓரங்கள் சுருண்டு பெரிதாகிவிட்டது. வெப்பம் தாங்கும் என்பதால் பலர் நம்பி வாங்கும் சிலிக்கானும் நன்றாகவே உப்பிவிட்டது; அது எண்ணெய்க்கு ஏற்ற ரப்பர் அல்ல. நைட்ரைலில் மாற்றம் குறைவு. வைட்டானில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றமே இல்லை. நைட்ரைல் 100 டிகிரியை ஒட்டிய வெப்பம் வரை தாங்கும், வைட்டான் 200 டிகிரி வரை. தொட்டியின் மேற்பரப்பு அவ்வளவு சூடாவதில்லை என்பதால் மூடிக்கு நைட்ரைலே போதும். ஆனாலும் விலை வேறுபாடு ஒரு வாஷருக்குச் சில ரூபாய்தான் என்பதால் வைட்டானையே போட்டேன். பம்பு செட்டுக்குப் பேர்போன கோவையில் ஆயில் சீல், ஓ-ரிங் விற்கும் கடைகளில் வைட்டான் தகடு துண்டாகக் கிடைக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் அதே அளவு நைட்ரைலைவிடத் தெளிவாகக் கனமாக இருக்கும். ஏமாறாமல் வாங்க அந்தக் கனமே அடையாளம்.

பம்புத் தோலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பம்பு பிடிக்கவில்லை என்றால் அம்மாக்கள் செய்வது தேங்காய் எண்ணெய் விடுவது. சமவெளியில் அது வேலை செய்யும். இந்த ஸ்டவ் வாழ்ந்ததோ சுமார் 3,500 அடி உயரத்தில். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கிவிடும். மலையின் காலைக் குளிரில் தோல் கிண்ணத்தின் உதடு விறைத்து, விரியாமல், காற்றைப் பக்கவாட்டில் விட்டுவிடும். சர்வேயர் காலையில் பம்புக் குழாயை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிய பிறகுதான் ஸ்டவ்வைப் பற்றவைப்பார் என்று ஆசிரியர் நினைவுகூர்ந்தபோது எனக்குக் காரணம் விளங்கியது. பழைய தோல் பல ஆண்டு எண்ணெய்ப் பிசினோடு மரக்கட்டைபோல் ஆகியிருந்தது, மீட்க வழியில்லை. குழாயின் உள்விட்டத்துக்கு ஏற்ற புதிய கிண்ணத் தோலை வாங்கி, சாதாரண எஞ்சின் ஆயிலில் ஓர் இரவு ஊறவைத்து, கிண்ணத்தின் வாய் தொட்டியைப் பார்க்கும்படி மாட்டினேன். வாய் மேல்நோக்கி இருந்தால் எவ்வளவு நல்ல தோலும் காற்றைத் தள்ளாது. குழாய்க்குள் இறக்கும்போது உதடு மடங்கிவிடாமல் சுற்றிச் சுற்றி உள்ளே விட வேண்டும். அவசரப்பட்டால் புதுத் தோல் அங்கேயே கிழியும்.

ஒருவழி வால்வுதான் இந்த வேலையின் இதயம். அது பம்புக் குழாயின் அடியில், வெளிச்சம் எட்டாத ஆழத்தில் திருகப்பட்டிருக்கிறது. அதன் தலை இரு பக்கமும் தட்டையாக இருக்கும். அதைக் கவ்வுவதற்கு நுனியில் பிளவு கொண்ட நீண்ட சாவி வேண்டும். நீளமான திருப்புளியை விட்டுத் திருகினால் தலையின் ஓரம் சிதைந்துவிடும், அதற்கப்புறம் எந்தச் சாவியும் பிடிக்காது. இதில் பல ஆண்டு எண்ணெய்ப் பிசின் மரையைப் பிடித்து வைத்திருந்தது. இந்த இடத்தில் சிலர் தீப்பந்தத்தால் சூடு காட்டுவார்கள். பொதுவாகப் பற்றவைப்புக்குப் பயன்படும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம் 183 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். வால்வை எடுக்கப் போய் தொட்டியைப் பிரித்துவிடக் கூடாது. கொதிநீரைப் பம்புக் குழாய்க்குள் ஊற்றி, சற்று நேரம் விட்டு, வடித்து, மீண்டும் ஊற்றி, சாவியை நேராகப் பிடித்து நிதானமாகத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கையில் உணரும்படி கேட்டது. அதற்கப்புறம் விரலாலேயே சுற்ற முடிந்தது.

வெளியே வந்த வால்வின் உடலைத் திறந்தால் உள்ளே ஒரு மெல்லிய சுருள்வில்லும், அதன் தலையில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் பதித்த தக்கைப் பொட்டும். தக்கை கறுத்துக் கல்லாகியிருந்தது. அதன் முகத்தில் வால்வின் வாய் விளிம்பு பல ஆண்டுகள் அழுத்தி ஒரு வட்டக் குழியை வெட்டியிருந்தது. அந்த வட்டத்தின் ஓரிடத்தில் ஒரு சின்னக் கீறல். காற்று முழுவதும் அந்தக் கீறல் வழியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. தோல் துளையிடும் கருவியால் வைட்டான் தகட்டிலிருந்து அதே அளவில் பொட்டு வெட்டி, பசை எதுவும் இல்லாமல் கிண்ணத்தில் அழுத்திப் பொருத்தினேன். வில்லை இழுத்து நீட்டவில்லை. வில் வலுத்தால் வால்வு நன்றாக மூடும் என்று தோன்றும். ஆனால் திறப்பதற்கும் அதே வலு வேண்டும், பம்பு அடிப்பவரின் கைதான் வலிக்கும். உண்மையில் வால்வை மூடி வைப்பது தொட்டியின் அழுத்தம். வில் அதைத் தொடங்கி மட்டும் வைக்கிறது.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. வால்வை நன்றாகக் கழுவி, காற்று நுழையும் வாயில் நாக்கை வைத்து உறிஞ்ச வேண்டும். நாக்கோடு ஒட்டிக்கொண்டு விடாமல் நின்றால் பொட்டு சரியாக அமர்ந்திருக்கிறது. இது நின்றது.

இதோடு பலர் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. வால்வின் உடலும் பம்புக் குழாயின் அடியும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு சிறிய ஈய வாஷர் உண்டு. பெரும்பாலும் அது குழாயின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் தங்கிவிடும். அது நசுங்கியிருந்தாலும் கம்பி மேலே எழும், எண்ணெய் பம்பு வழியே கசியும். பொட்டு கெட்டதற்கும் இதற்கும் வெளியிலிருந்து வித்தியாசமே தெரியாது. புதுப் பொட்டைப் போட்டும் குறை தீரவில்லை என்று வரும் ஸ்டவ்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, வளைத்த கம்பியால் பழையதைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்தே வால்வைத் திருகினேன். ஈயத்தைத் தொட்ட கையோடு எதையும் சாப்பிடக் கூடாது என்பதை வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் சொல்வேன்.

பர்னர் சேரும் இடத்தில் முன்பு பழுது பார்த்தவர் இரண்டு கலவைகளைப் பிசைந்து பூசும் ஒட்டுப்பசையை அப்பியிருந்தார். அதைக் கொதிநீரில் இளகவைத்து மூங்கில் சீவலால் சுரண்டினேன். இரும்பு பட்டால் மரை காயப்படும். பயண ஸ்டவ்வில் பர்னரைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதால் ஈய வாஷர் மற்ற ஸ்டவ்களைவிடச் சீக்கிரம் தேயும். புது வாஷர் வைத்து ஸ்பானரால் அளவாக இறுக்கினால் மென்மையான ஈயம் மேடுபள்ளத்துக்கு ஏற்ப நசுங்கி அமர்ந்துகொள்ளும். காற்றுத் திருகின் கூம்பு நுனியில் உலோகம் மெருகேற்றும் பசையைத் தொட்டு, குழிக்குள் விட்டு முன்னும் பின்னும் சுழற்றியதில் அந்த ஒற்றைக் குமிழும் நின்றது. பர்னரில் எண்ணெய் ஆவி பீறிடும் நிப்பிளின் துளை மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஸ்டவ் பின்னால் அடைப்பை எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளை வட்டமாக இருக்கிறதா என்று பார்த்தேன். வட்டம் லேசாக ஒரு பக்கம் இழுத்திருந்தது.

ஆசிரியர் ஸ்டவ்வைப் பளபளவென்று ஆக்கித் தரச் சொன்னார். புளி போட்டுத் தேய்க்கலாம், தவறில்லை. அமோனியா கலந்த மெருகு திரவங்களை மட்டும் நான் பித்தளைத் தொட்டியின் பக்கமே விடுவதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தானாகவே விரிசல் விட்டன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல் விளக்கப்பட்டது. இந்தத் தொட்டியும் தகட்டை அழுத்தி உருவாக்கியதுதான். இதற்குள்ளும் அந்த இறுக்கம் தங்கியிருக்கக்கூடும். காற்றழுத்தம் தாங்க வேண்டிய பாத்திரத்துக்கு அழகைவிட முழுமை முக்கியம்.

மீண்டும் வாளியில் அமிழ்த்தியபோது எங்கும் குமிழ் இல்லை. பம்பு அடித்த தொட்டியை இரவு முழுதும் விட்டு, காலையில் காற்றுத் திருகைத் திறந்தபோது 'உஸ்' என்ற சத்தம் நீண்டு வந்தது. அதன் பிறகே எண்ணெய். வடிகட்டிய மண்ணெண்ணெய், தொட்டியில் முக்கால் பங்கு வரை மட்டும். மீதி இடம் காற்றுக்கு. திறந்த வெளியில், பக்கத்தில் நனைத்த சாக்கையும் ஒரு வாளி மணலையும் வைத்துக்கொண்டு, காற்றுத் திருகைத் திறந்தபடி, பர்னரைச் சூடாக்க அதன் அடியில் இருக்கும் கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தினேன். ஸ்பிரிட் தீரும் தறுவாயில் திருகை மூடி, பம்பைச் சில முறை மெதுவாக அழுத்தியதும் மஞ்சள் நாக்கு ஒன்று எழுந்து, அடங்கி, நீலமாகி இரையத் தொடங்கியது. கூட இருந்த அம்மா ஒரு அடி பின்வாங்கினார். பிறகு மூடியின் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தார். எண்ணெய் வாடை இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்து தலையசைத்தார்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஏழு நிமிடத்தில் கொதித்தது. சுடர் ஒரு பக்கம் சற்றே உயர்ந்து எரிகிறது. அது வாஷர்களின் குறையல்ல, இழுபட்ட நிப்பிள் துளையின் குறை. புது நிப்பிள் கிடைத்ததும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை இப்படியே பயன்படுத்தலாம், ஆபத்தில்லை.

ஆசிரியர் ஸ்டவ்வை மாணவர்களை அழைத்துப் போகும் முகாம்களில் பயன்படுத்தப் போகிறார். புலிகள் காப்பகத்துக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் தோட்டத்து மைதானத்தில் மட்டும். தகரப் பெட்டிக்குள் ஒரு சின்ன டப்பாவில் உதிரிகளைப் போட்டுக் கொடுத்தேன்: மூடிக்கு ஒரு வைட்டான் வாஷர், வால்வுக்கு இரண்டு பொட்டு, எண்ணெயில் ஊறிய ஒரு பம்புத் தோல், பெரியதும் சிறியதுமாக ஈய வாஷர்கள், ஸ்டவ் பின் ஒரு கட்டு. முகாம் முடிந்ததும் தொட்டியிலிருந்து எண்ணெயை வடித்துவிட வேண்டும், மூடியை இறுக்காமல் தளர்வாக வைத்துப் பெட்டியை மூட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது தோலில் எண்ணெய் விட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, டப்பாவின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்பதை மட்டும் அடிக்கோடிட்டேன்.